கூரைப் பாலத்துக்குள் ஒரு படம்

அக்டோபர் மாதம், உச்சிவெயில். நீண்ட மரப் பாலம் ஒன்றுக்குள் நின்றுகொண்டிருக்கிறேன். தலைக்கு மேலே இருபுறமும் சரிந்த கூரை. பக்கங்களில் பலகைச் சுவர். சுவரை ஒட்டி நேராகவும் சாய்வாகவும் கனத்த மரச்சட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, தூரத்தில் சிறுத்துக்கொண்டே போகின்றன. பாலம் முடிகிற இடத்தில் செவ்வக வாசல். அதற்கு அப்பால் மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக வெயிலில் தகதகக்கின்றன. என் கண்ணுக்கு எல்லாமே தெரிகிறது. பக்கத்துச் சட்டத்தில் இறுக்கிய போல்ட்டின் தலை, மரத்தின் ரேகை, வெளியே இலைகளின் நிறம், எதற்கும் குறைவில்லை.

கேமராவை எடுத்து ஒரு படம் பிடித்தேன். இலைகள் அருமையாக வந்தன. பாலம் மையில் முக்கியது போல் கறுத்துவிட்டது. கூடுதல் ஒளி வாங்கும்படி மாற்றி இன்னொன்று எடுத்தேன். இப்போது சட்டங்கள் தெரிந்தன, போல்ட் தெரிந்தது, ஆனால் வாசல் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை ஓட்டை. மரமும் இல்லை, வானமும் இல்லை. கண் ஒரே பார்வையில் பார்த்ததைக் கேமராவால் ஏன் ஒரே படத்தில் பிடிக்க முடியவில்லை? வீட்டு ஜன்னலுக்கு எதிரே குழந்தையை நிறுத்திப் படம் எடுத்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். முகம் கறுத்துவிடும், அல்லது ஜன்னல் வெளுத்துவிடும். கூரைப் பாலத்தில் அது பெரிய அளவில், தெளிவாக நடக்கிறது.

நான் நின்ற பாலத்துக்கு ஸ்மோலென்–கல்ஃப் பாலம் என்று பெயர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள ஆஷ்டபுலா மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் பொறியாளராக இருந்த ஜான் ஸ்மோலென் வடிவமைத்தது. திறந்தது 2008இல். நீளம் 613 அடி. ஆஷ்டபுலா ஆறு 93 அடி கீழே ஓடுகிறது. அமெரிக்காவின் மிக நீளமான கூரைப் பாலம் இதுதான். பார்ப்பதற்குப் பழங்காலத்துச் சங்கதி போல இருந்தாலும் இன்றைய பொறியியல். லாரிகள் தாராளமாகப் போய்வருகின்றன, இருபுறமும் நடந்துபோகிறவர்களுக்குத் தனி வழி உண்டு. இதே மாவட்டத்தில் ஜெனீவா என்ற ஊரில் 2011இல் கட்டிய 18 அடிக் கூரைப் பாலமும் இருக்கிறது. நாட்டின் மிகக் குட்டையான கூரைப் பாலம் என்று அதைக் காட்டுகிறார்கள்.

பாலத்துக்கு எதற்குக் கூரை? பனி விழாமல் இருக்க என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், குதிரை இழுக்கும் சறுக்குவண்டிகள் ஓடிய காலத்தில், கூரைப் பாலத்துக்குள் வெறும் பலகையில் வண்டி சறுக்காது என்பதால் ஆள் வைத்து உள்ளே பனியை அள்ளிப் பரப்பினார்கள். கூரை போட்டது மரத்துக்காக. சட்டங்கள் சேரும் மூட்டுகளில் மழைநீர் தேங்கினால் மரம் உளுத்துவிடும். திறந்த மரப் பாலம் பத்து, இருபது ஆண்டு தாங்கினாலே அதிகம். மூடிவைத்தால் நூறாண்டு தாங்கும். அமெரிக்காவில் முதன்முதலில் கூரை போட்ட பாலம் ஃபிலடெல்ஃபியாவில் 1805இல் முடிந்தது. தச்சர் டிமதி பாமர் கட்டியது. மூடும்படி வற்புறுத்தியவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி. ஆகவே உள்ளே இருக்கும் இருட்டு, மழையைத் தடுத்ததற்குப் பாலம் கொடுக்கும் விலை. படம் எடுக்கிறவருக்குத் தொல்லை தருவதும் அதே இருட்டுதான்.

அந்த இருட்டு எவ்வளவு இருட்டு? ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸை நெருங்கும். அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ். முழுநிலவு வெளிச்சம் அரை லக்ஸ்கூட வராது. கூரைப் பாலத்தின் உள்மூலையில், சட்டங்கள் கூரையைத் தொடும் இடத்தில், சில பத்து லக்ஸ்தான் எட்டும். போதாக்குறைக்கு, வெளியே இருக்கும் மஞ்சள் இலை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்புகிறது. பழுப்பேறிய மரம் சிறுபங்கை மட்டும் அனுப்புகிறது. எல்லாவற்றையும் பெருக்கினால், வெயிலில் இருக்கும் இலையிலிருந்து வரும் ஒளி, மூலையில் இருக்கும் மரத்திலிருந்து வருவதைவிடப் பதினாயிரம் மடங்கு அளவுக்குக்கூடப் போய்விடும்.

பதினாயிரம் மடங்கு என்று சொல்லிக்கொண்டிருப்பது புகைப்படக்காரர்களுக்கு வசதியில்லை. அவர்கள் இரட்டிப்பாக எண்ணுவார்கள். ஒளி இரண்டு மடங்கானால் ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள். தமிழில் அதைப் ‘படி’ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு படி ஏறினால் இருமடங்கு, இரண்டு படி ஏறினால் நான்கு மடங்கு, பத்துப் படி ஏறினால் 1,024 மடங்கு. பதினான்கு படிக்குள் பதினாறாயிரத்தைத் தாண்டிவிடும். ஒரு காட்சியின் மிக இருண்ட இடத்திலிருந்து மிக வெளிச்சமான இடம் வரை எத்தனை படி என்பதை ‘ஒளிவீச்சு’ என்று சொல்வேன். உச்சிவெயிலில் கூரைப் பாலத்தின் ஒளிவீச்சு பதின்மூன்று, பதினான்கு படி.

கேமராவால் எத்தனை படி ஏற முடியும்? இதைப் புரிந்துகொள்ள முற்றத்தில் எவர்சில்வர் டம்ளர்களை நெருக்கமாக அடுக்கி மழையில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் இருக்கும் உணரி அப்படிப்பட்ட முற்றம். ஒவ்வொரு பிக்சலும் ஒரு டம்ளர். ஒளி என்பது ஃபோட்டான் என்ற துகள்களாக, மழைத்துளிகளைப் போல வந்து விழுகிறது. விழும் ஃபோட்டான் சிலிக்கானிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கழற்றிவிடுகிறது. டம்ளரில் சேருவது அந்த எலக்ட்ரான்கள். கேமராவின் கதவு மூடியதும் ஒவ்வொரு டம்ளரிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்கிறார்கள். படம் என்பது அந்தக் கணக்கேடு.

டம்ளர் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும்? அதற்குமேல் எவ்வளவு மழை பெய்தாலும் கணக்கில் ‘நிரம்பியது’ என்றுதான் எழுத முடியும். மஞ்சள் இலை, நீல வானம், வெள்ளை மேகம் எல்லாம் ஒரே எண்ணாகிவிடும். என் இரண்டாவது படத்தில் வாசல் வெள்ளை ஓட்டையானது இப்படித்தான். வழிந்துபோன நீரைத் திரும்ப அள்ள முடியாது. எந்த மென்பொருளாலும் அந்த இலைகளை மீட்க முடியாது.

மேல்விளிம்பு சரி, கீழ்விளிம்பு? கழுவிக் கவிழ்த்து எடுத்த டம்ளரின் அடியிலும் இரண்டு மூன்று சொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? பிக்சலை அளக்கும் மின்சுற்றும் அதுபோல இரண்டு மூன்று எலக்ட்ரான் அளவுக்குப் பிசகும். இருட்டு மூலையிலிருந்து வந்து சேர்ந்ததே மூன்று எலக்ட்ரான் என்றால், அது மரத்திலிருந்து வந்ததா, அளவையின் பிசகா என்று சொல்ல வழியில்லை. கைபேசியின் பிக்சல் ஒரு மைக்ரோமீட்டர் அகலம். சில ஆயிரம் எலக்ட்ரான் கொள்ளும். பெரிய கேமராவின் பிக்சல் அதைவிட ஐந்தாறு மடங்கு அகலம். அரை லட்சம் எலக்ட்ரான்கூடக் கொள்ளும். நிரம்பிய டம்ளருக்கும் நம்பத்தக்க கடைசிச் சொட்டுக்கும் உள்ள விகிதம்தான் கேமராவின் ஒளிவீச்சு. கைபேசிக்குப் பத்து, பதினொரு படி. நல்ல கேமராவுக்குப் பதினான்கு படி வரை. ஏட்டில் பார்த்தால் பாலத்துக்கு அது போதும் போலத் தோன்றும்.

போதாது. காரணம், அடிப்படிகள் எல்லாம் பொடிப்பொடியாக இருக்கும். காய்ந்த சிமெண்ட் தரையில் தூறல் தொடங்கும்போது பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் நான்கு புள்ளி சேர்ந்து விழும், பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. மழை வலுத்தால் தரை முழுக்க ஒரே சீராக நனைந்துவிடும். ஒளியும் அப்படியே. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக நூறு ஃபோட்டான் வந்தால், பத்து கூடும் அல்லது குறையும். பத்து விழுக்காடு தடுமாற்றம். பதினாயிரம் வந்தால் நூறு கூடும் அல்லது குறையும், ஒரு விழுக்காடுதான். இருட்டுப் பகுதியைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கினால் மணல் தூவியது போல் தெரிகிறதே, அது இந்தத் தூறல். இதை ‘இரைச்சல்’ என்கிறார்கள். கேமரா மட்டமானது என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். ஒளியே துளித்துளியாக வருவதால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவிலும் இது இருக்கும்.

எலக்ட்ரான்களை யாரும் எட்டிப் பார்த்து எண்ணவில்லையே, இந்த எண்களெல்லாம் எப்படித் தெரியும்? வழி மிக எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தமானதும்கூட. முதலில் லென்ஸை மூடியால் மூடிக்கொண்டு படம் எடுப்பார்கள். ஒளியே இல்லாத அந்தப் படத்தில் தெரியும் சலசலப்பு முழுவதும் அளவையின் பிசகு; டம்ளரின் அடியில் ஒட்டிய சொட்டு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அடுத்து, ஒரே சீராக ஒளி விழும் வெள்ளைச் சுவரை இரண்டு முறை படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். சுவரின் கறை, லென்ஸின் தூசி எல்லாம் இரண்டிலும் பொதுவாக இருப்பதால் அடிபட்டுப் போகும். மிச்சம் நிற்பது தூறலின் தடுமாற்றம் மட்டும். ஒளியைக் கூட்டிக் கூட்டி இதைச் செய்யும்போது தடுமாற்றம் எந்த வேகத்தில் வளர்கிறது என்று பார்த்தால், கேமரா எழுதும் எண் ஒவ்வொன்றுக்கும் எத்தனை எலக்ட்ரான் என்று கணக்கு வந்துவிடும். நூறுக்குப் பத்து, பதினாயிரத்துக்கு நூறு என்ற பொருத்தம் இயற்கையில் நிலையானது, தடுமாற்றமே அளவுகோலாகிறது. விண்கலக் கேமராக்களுக்காக நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஜேம்ஸ் ஜேன்சிக் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார். இன்று உணரி செய்யும் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது கண்ணுக்கு வருவோம். அது எப்படி எல்லாவற்றையும் பார்த்தது?

கண்மணியின் துளை சுருங்கி விரிவதால்தான் என்று பள்ளியில் படித்திருப்போம். துளை இரண்டு மில்லிமீட்டரிலிருந்து எட்டு வரை விரியும். பரப்பு பதினாறு மடங்கு கூடுகிறது. அதாவது நான்கே படி! பாக்கிப் படிகளை விழித்திரைதான் ஏறுகிறது. பகல் காட்சிக்குத் தியேட்டருக்குள் நுழைந்ததும் இருக்கை தெரியாமல் தடவுகிறோம். சில நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவரின் முகமே தெரிகிறது. விழித்திரையின் உயிரணுக்கள் தங்கள் உணர்திறனைக் கூட்டிக்கொள்ள எடுக்கும் நேரம் அது. முழு இருட்டுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இரண்டாவது விஷயம், கண் ஒளியை எண்ணுவதே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கிறது. வெறுங்கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் கனம் தெரியும். தோளில் அரிசி மூட்டை இருக்கும்போது அதன்மேல் அதே பழத்தை வைத்தால் தெரியுமா? ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிச் வெபர் 1830களில் ஆட்களின் கையில் எடைகளைக் கொடுத்துச் சோதித்து இதை நிறுவினார். எடை எவ்வளவு கூடியது என்பது முக்கியமில்லை, இருந்ததில் எத்தனை பங்கு கூடியது என்பதே உணரப்படுகிறது. குஸ்டாஃப் ஃபெக்னர் 1860இல் இதைப் பார்வைக்கும் மற்றப் புலன்களுக்கும் விரித்தெழுதினார். ஆக, நம் கண்ணும் படிப்படியாகத்தான் எண்ணுகிறது, புகைப்படக்காரர்களைப் போலவே.

மூன்றாவதுதான் முக்கியம். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நமக்குக் கூர்மையான பார்வை. மற்றதெல்லாம் மங்கல். நமக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் கண் ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவிக்கொண்டே இருக்கிறது. போல்ட்டைப் பார்க்கும்போது விழித்திரையின் அந்தப் பகுதி இருட்டுக்குத் தக்கபடி சரிசெய்துகொள்கிறது. வாசலைப் பார்க்கும்போது வெயிலுக்குத் தக்கபடி. மூளை இந்தத் துண்டுகளை ஒட்டி ‘பாலம்’ என்ற ஒரே காட்சியாக நம் கையில் கொடுக்கிறது. நான் ஒரே பார்வை என்று நினைத்தது உண்மையில் நூறு பார்வை.

மூளை எவ்வளவு தூரம் திருத்திக் கொடுக்கிறது என்பதற்குச் செய்தித்தாளே சாட்சி. வெயிலில் விரித்த தாளின் கறுப்பு எழுத்திலிருந்து வரும் ஒளி, வீட்டுக்குள் அதே தாளின் வெள்ளை இடத்திலிருந்து வருவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் எழுத்து கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவுமே தெரிகின்றன. போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்டும் ஜான் மெக்கானும் 1971இல் வெளியிட்ட சோதனையில், பல சாயல் காகிதத் துண்டுகளை ஒட்டிய பலகைக்கு ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஒளி விழச் செய்தார்கள். ஒரு பக்கத்துக் கறுந்துண்டும் மறுபக்கத்து வெள்ளைத்துண்டும் அளவுமானியில் ஒரே எண்ணைக் காட்டின; பார்த்தவர்கள் ஒன்றைக் கறுப்பு என்றும் மற்றதை வெள்ளை என்றும்தான் சொன்னார்கள். கண் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டே எதையும் தீர்மானிக்கிறது.

அப்படியானால் கேமராவுக்கும் நூறு பார்வை கொடுத்தால் என்ன? இந்த யோசனை மிகப் பழையது. 1850களின் பிற்பகுதியில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக் கலைஞர் கடலைப் படம் எடுத்தார். அன்றைய ரசாயனத் தகடு நீல ஒளிக்கு அதிகமாக மசிந்ததால் வானம் எப்போதும் வெளுத்துவிடும். அவர் வானத்துக்கு ஒரு தகடு, கடலுக்கு ஒரு தகடு எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். இன்று கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, குறைந்த ஒளியில் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, அதிக ஒளியில் ஒன்று என எடுத்து, ஒவ்வொன்றிலும் நிரம்பி வழியாத, தூறலாகவும் இல்லாத டம்ளர்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கிறோம். எச்.டி.ஆர். என்று சொல்வது இதைத்தான். 1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் இந்தச் சேர்க்கையைத் துல்லியமாகச் செய்யும் வழியை வெளியிட்டார்கள். கைபேசி கொஞ்சம் வேறு விதமாகப் போகிறது. வாசல் வழியாதபடி குறைந்த ஒளியில் ஒன்பது, பத்துப் படங்களைச் சரசரவென்று எடுத்து, கைநடுக்கத்தைச் சரிசெய்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறது. ஒன்பது தூறலைச் சேர்த்தால் தடுமாற்றம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். நடுவில் ஒரு லாரி போனால் பேய் போல இரட்டை நிழல் விழாமல் பார்த்துக்கொள்வது மென்பொருளின் பெரும் தலைவலி.

சேர்த்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். பளபளப்பான புகைப்படத் தாளில் மிக வெள்ளைக்கும் மிகக் கறுப்புக்கும் உள்ள வித்தியாசமே நூறு மடங்கு அளவுதான். பதினாயிரத்தை நூறுக்குள் அடக்க வேண்டும். ஆறு கஜப் புடவையை ஓர் இடுப்பில் கட்டுவது போன்ற வேலை இது. கொசுவம் வைக்கத் தெரிந்தவர் வெறும் உடலை மடித்து உள்ளே விட்டு, கரையும் முந்தானையும் வெளியே தெரியும்படி கட்டுவார். மென்பொருளும் பெரிய ஏற்றஇறக்கங்களை மடித்து, மரத்தின் ரேகை, இலையின் நரம்பு போன்ற சின்ன வித்தியாசங்களை அப்படியே விட வேண்டும். மடிப்பைக் கண்டபடி வைத்தால் சட்டங்களின் ஓரத்தில் வெள்ளை வளையம் கட்டும், நிழலே இல்லாமல் எல்லாம் பிளாஸ்டிக் பொம்மை போல மினுங்கும். கூரைப் பாலங்களின் படங்களில் இந்தக் குறையை நிறையப் பார்க்கிறேன். அவற்றில் கூரை இருக்கிறது, ஆனால் கூரைக்குள் இருக்கும் உணர்வு இல்லை. உள்ளே இருட்டு இருந்தால்தான் மரம் நனையாமல் இருக்கிறது என்பது பார்க்கிறவருக்குப் புரியும். என் அபிப்பிராயத்தில், கூரையின் உச்சியைக் கறுப்பாகவே விட்டுவிடுவது நல்லது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆஷ்டபுலா மாவட்டத்திலேயே ஹார்ப்பர்ஸ்ஃபீல்ட் என்ற இடத்தில் 1868இல் கட்டிய 228 அடிப் பாலம் இருக்கிறது. இப்படிப்பட்ட பழைய பாலங்களில், நம் கீற்றுக் கொட்டகையில் போலவே, கூரையில் சிறு ஓட்டை இருந்தால் தரையில் வெயில் காசு காசாக விழும். ஓட்டை முக்கோணமாக இருந்தாலும் காசு வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும், ஏனென்றால் அது ஓட்டையின் வடிவமில்லை, சூரியனின் பிம்பம். பத்தடி உயரத்திலிருந்து நேராக விழும் காசு ஏறத்தாழ ஓர் அங்குலம். 2024 ஏப்ரல் 8 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை இந்த மாவட்டத்தின் மேலேயே போனது. கிரகணம் பிடிக்கும்போது இப்படி விழும் காசெல்லாம் பிறையாகிவிடும். கேமரா என்ற சொல்லுக்கு லத்தீனில் அறை என்று பொருள். ஓட்டையுள்ள இருட்டு அறைதான் முதல் கேமரா. அந்த வகையில் இந்தப் பாலங்களும் கேமராக்கள்தான்.

நீங்கள் இப்படி ஒரு பாலத்துக்கோ, ஊரில் ஒரு கோயில் மண்டபத்துக்கோ போகும்போது, கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகட்டும். முதலில் எந்தச் சட்டம் தெரிகிறது, கடைசியாக எது இருட்டிலிருந்து வெளியே வருகிறது என்று பாருங்கள். பிறகு கைபேசித் திரையில் வெளிச்சமான வாசலை விரலால் தொட்டு, அங்கே வழியாதபடி ஒளியைக் குறைத்துவிட்டுப் படம் எடுங்கள். இருட்டில் சேர்ந்த சில சொட்டுகளை வைத்து ஏதாவது செய்துகொள்ளலாம். வழிந்துபோனது போனதுதான்.